தினமும் பார்த்தோம், ஒருநாளும் விசாரிக்கவில்லை

கேள்வி: எனக்கு 41 வயது. கல்லூரியில் தொடங்கி 22 வருடமாக எனக்கு ஒரு தோழி. இப்போது வேறு வேறு ஊரில் இருக்கிறோம். வாட்ஸ்அப்பில் தினமும் ஏதாவது ஒன்று போகும், வரும். அவள் மகளின் படத்துக்கு நான் ஓர் இதயம் போடுவேன், என் பயணப் படத்துக்கு அவள் ஒன்று போடுவாள். போன மாதம் பழைய வகுப்புத் தோழிகள் குரூப்பில் அவளுடைய அம்மா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. எட்டு மாதம் படுக்கையில் இருந்தாராம். எனக்குத் தெரியாது. அந்த எட்டு மாதமும் நாங்கள் இதயம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தோம். நானும் குரூப்பில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதி, கைகூப்பும் எமோஜியைச் சேர்த்துப் போட்டேன். எனக்கு முன்னால் 31 பேர் அதையே போட்டிருந்தார்கள். விடுதியில் நான் காய்ச்சலில் கிடந்தபோது வீட்டுக்கு அழைத்துப்போய், ராத்திரி முழுக்க என் நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டவர் அந்த அம்மா. ஒரு மாதமாகத் தூக்கம் சரியில்லை. போன் செய்யலாம் என்று எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன். இனி எந்த முகத்தோடு பேசுவது? இந்த வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெளியே வந்துவிடலாமா? உண்மையில் எனக்கு நெருக்கமானவர்கள் என்று யாராவது இருக்கிறார்களா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் முதலில் ஒன்றைச் செய்துவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம். இன்றைக்கோ நாளைக்கோ அவரைப் போனில் கூப்பிடுங்கள். "கூப்பிடட்டுமா?" என்று முன்கூட்டியே மெசேஜ் போட வேண்டாம். போட்டால், "பரவாயில்லைப்பா, நான் நல்லா இருக்கேன்" என்று அவர் எழுதிவிடுவார். நீங்களும் அதற்கு ஓர் இதயத்தைப் போடுவீர்கள். கதை அதோடு முடிந்துவிடும்.

ஒரு மாதம் தாண்டிவிட்டதே என்ற எண்ணம் உங்களைப் பிடித்து இழுக்கும். தாமதம்தான், நான் இல்லை என்று சொல்லப்போவதில்லை. ஆனால் இழப்பு நடந்த முதல் பத்து, பதினைந்து நாள் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், போன் ஓயாது. எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் அந்த வீட்டில் வெறுமை வந்து உட்காரும். துக்கத்தோடு என்னிடம் வருகிறவர்களில் பலர் இரண்டாம் மாதத்திலோ மூன்றாம் மாதத்திலோதான் வருகிறார்கள். "அப்போ எல்லாரும் இருந்தாங்க. இப்போ அம்மாவைப் பத்தி வாயெடுத்தாலே பேச்சை மாத்துறாங்க" என்று சொல்லி அழுகிறார்கள். பேச ஆள் வேண்டியிருக்கும் நேரம் உங்கள் தோழிக்கு இப்போதுதான்.

போனை எடுத்து எடுத்து வைக்கிறீர்களே, அதில் பாதி குற்ற உணர்வு. மீதி, பேச்சு வராமல் இருவரும் திணறிவிடுவோமோ என்ற பயம். இந்தப் பயத்தை ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், தொடர்பு விட்டுப்போன பழைய நண்பர் ஒருவரை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். போனில் பேசினால் எப்படி இருக்கும், மின்னஞ்சல் எழுதினால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டார்கள். போன் என்றால் சங்கடமாக இருக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிறகு சிலரைப் பேச வைத்தார்கள், சிலரை எழுத வைத்தார்கள். பேசியவர்களுக்கு எழுதியவர்களைவிட அதிகச் சங்கடம் ஒன்றும் இருக்கவில்லை. நெருக்கம் மட்டும் கூடியிருந்தது. 2021இல் வெளியான ஆய்வு இது. சங்கடம் முழுக்க எண்ணைத் தட்டுவதற்கு முந்தைய நிமிடத்தில்தான் இருக்கிறது. அந்த நிமிடத்தில்தான் நீங்கள் ஒரு மாதமாக நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

என்ன பேசுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "நான்தான் பேசறேன். அம்மா போனதைக் குரூப்பில் பார்த்தேன். அன்னிக்கே கூப்பிட்டிருக்கணும், கூப்பிடலை. உன்னை நினைச்சுக்கிட்டேதான் இருக்கேன். கடைசி நாட்கள் எப்படி இருந்தது, சொல்லு." இவ்வளவு போதும். மன்னிப்பை ஒரு வரியில் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். "நான் எவ்வளவு மோசமானவள், ஒரு மாதமாகத் தூங்கவே இல்லை" என்று ஆரம்பித்தால், அம்மாவை இழந்தவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். அந்த அழுகையை என்னிடமோ உங்கள் வீட்டில் ஒருவரிடமோ வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, "ஏன் எனக்குச் சொல்லவே இல்லை?" என்ற கேள்வி நாக்கு நுனி வரை வரும். முதல் நாள் அதைக் கேட்காதீர்கள். உங்களுக்கு அது ஆதங்கம். அவர் காதில் அது குற்றச்சாட்டாக விழும்.

அவர் ஏன் சொல்லவில்லை என்பதை நான் ஊகிக்க மட்டுமே முடியும். இதே மாதிரிக் கதைகளை நிறையக் கேட்டிருப்பதால் ஊகிக்கிறேன். அந்த எட்டு மாதத்தில் அவர் உங்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் போட்ட பயணப் படம், பிறந்தநாள் படம், சிரித்த முகம். படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு, மருந்து நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, பத்து நிமிடம் உட்காரக் கிடைத்த இடைவெளியில் அவர் போனைத் திறந்தால் அங்கே நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்கள். "அவ நல்லா இருக்கா, நம்ம கவலையை ஏன் அங்கே கொண்டுபோய்க் கொட்டணும்?" என்று தோன்றியிருக்கும். அவர் ஓர் இதயம் போட்டார். அவர் மகளின் படத்தைப் பார்த்து, "எல்லாம் நல்லபடியாகப் போகிறது" என்று நினைத்து நீங்கள் ஓர் இதயம் போட்டீர்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, இரண்டு பேரும் அன்பாகத்தான் இருந்தீர்கள். கேட்கத்தான் யாரும் இல்லாமல் போனார்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், ஒவ்வொரு தடவையும் என் மனம் இந்த இடத்தில்தான் போய் நின்றது. நம் மொழியில் 'விசாரிப்பது' என்று ஒரு சொல் இருக்கிறது. "அப்பாவை விசாரித்ததாகச் சொல்லு" என்கிறோம். "உடம்புக்கு முடியலைன்னு கேள்விப்பட்டேன், விசாரிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்கிறோம். நமக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் விசாரிக்கிறோம். தெரியும் என்ற நினைப்பு வந்துவிட்டால் கேள்வி வராது. போன் நமக்குச் செய்தது இதுதான். ஒருவரைப் பற்றிய துண்டுத் துணுக்குகளைத் தினமும் கண்முன் காட்டி, எல்லாம் தெரியும் என்ற திருப்தியைக் கொடுத்துவிட்டது. போனும் மெசேஜும் இல்லாத காலத்தில் எட்டு மாதம் தகவலே வராவிட்டால் மனசு கேட்காது. கடிதம் எழுதுவோம், ஆளைப் பிடித்தாவது விசாரிப்போம். உங்கள் இருவருக்கும் நடுவில் தகவல் ஒருநாளும் நின்றதில்லை. அதனால் சந்தேகமே வரவில்லை.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெரியவர். மகன் வெளிநாட்டில். தினமும் மாலை வீடியோ காலில் வருவான். நாலு நிமிடம். "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?" இரண்டுக்கும் "ஆச்சுப்பா." மகனுக்கு அப்பாவின் முகம் தெரிகிறது, பின்னால் அதே சுவர், அதே நாற்காலி. எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துவிடுவான். ஒருநாள் பெரியவரின் போனில் கேமரா வேலை செய்யவில்லை, வெறும் குரல்தான். அன்றைக்கு மகன் 40 நிமிடம் பேசினானாம். "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? எங்கே உட்கார்ந்திருக்கீங்க? ஜன்னல் திறந்திருக்கா, என்னமோ சத்தம் கேக்குதே?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்துதான் இப்போதெல்லாம் பொழுது போகிறது, ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று அன்றைக்குத்தான் பெரியவர் முதல்முறையாகச் சொன்னார். இதை எனக்குச் சொல்லும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமராவைச் சரி பார்க்கவே இல்லை என்றார். முகம் தெரிந்தபோது மகன் பார்த்துக்கொண்டான். தெரியாதபோதுதான் விசாரித்தான்.

குரலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர் என்பவரும் அவருடைய குழுவினரும் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 7 முதல் 12 வயது வரை உள்ள சிறுமிகளை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் வைத்தார்கள். பிள்ளைகள் பதறிப்போனார்கள். பிறகு சிலரை அம்மாவோடு நேரில் பேசவிட்டார்கள், சிலரைப் போனில் பேசவிட்டார்கள், சிலரை மெசேஜில் மட்டும் பேசவிட்டார்கள், சிலருக்கு அம்மாவோடு தொடர்பே இல்லை. நேரிலும் போனிலும் அம்மா குரலைக் கேட்ட பிள்ளைகளுக்குப் பதற்றத்தின்போது சுரக்கும் கார்டிசால் குறைந்தது, நெருக்கத்தோடு தொடர்புடைய ஆக்ஸிடோசின் கூடியது. மெசேஜில் பேசிய பிள்ளைகளின் உடம்பு, அம்மாவோடு பேசவே பேசாத பிள்ளைகளின் உடம்பு மாதிரியே இருந்தது. அந்த அம்மாக்களும் ஆறுதலாகத்தான் எழுதியிருப்பார்கள், சொற்களில் குறை இருந்திருக்காது. குழந்தையின் உடம்புக்கு அது போய்ச் சேரவில்லை. குரலும் அதில் இருக்கும் மூச்சும் சேர்ந்து வந்தால்தான் உடம்பு நம்புகிறது.

சரி, எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். இப்போது அழித்தால் அது தோழியிடமிருந்து ஒளிந்துகொள்ளும் இன்னொரு வழியாகத்தான் இருக்கும். தவிர, போனால் காப்பாற்றப்பட்ட உறவுகளையும் நான் தினமும் பார்க்கிறேன். காது கேளாதவர்கள், படுக்கையைவிட்டு எழ முடியாதவர்கள், வேலைக்காகக் குடும்பத்தைவிட்டு வருடக்கணக்கில் தள்ளி இருப்பவர்கள் எல்லாம் அந்தச் சின்னத் திரையை நம்பித்தான் இருக்கிறார்கள். இதயம் அனுப்புவதிலும் தவறில்லை. "உன்னை நினைத்தேன்" என்பதற்கு அது ஓர் அடையாளம். ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது 2009இல். அன்றிலிருந்து ஒரு விரல் அசைவில் அன்பைக் காட்டப் பழகிவிட்டோம். காட்டிய கையோடு கடமை முடிந்தது என்று மனசு கணக்கை மூடிவிடுகிறது. கவனிக்க வேண்டியது அந்தக் கணக்கு மூடுவதைத்தான்.

அதனால் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றச் சொல்கிறேன். வாரத்தில் ஒருநாள், இதயம் போட விரல் போகும்போது நிறுத்திவிட்டு, ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைக் கேளுங்கள். "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். "இந்த வாரம் உன்னைக் களைப்பாக்கினது எது?" "அம்மாவோட முழங்கால் வலி இப்போ எப்படி, படி ஏறுறாங்களா?" "போன தடவை பேசினப்போ ஆபீஸில் ஒரு பிரச்சினை சொன்னியே, அது என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்க, போன தடவை அவர் சொன்னது உங்கள் நினைவில் இருக்க வேண்டும். எதிராளியின் மனசைத் தொடுவது அந்த நினைவுதான். எழுதக் கை வரவில்லை என்றால் வாய்ஸ் நோட் போடுங்கள். இருவரின் நேரமும் பொருந்தி வராதவர்களுக்கு அது நல்ல வழி, குரலாவது போய்ச் சேரும்.

இதையெல்லாம் எல்லோரிடமும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். மானுடவியலாளர் ராபின் டன்பார், ஒரு மனிதர் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் ஏறத்தாழ 150 என்று 1990களில் சொன்னார். அதற்குள் நன்கு நெருக்கமானவர்கள் 15 பேர், உயிருக்கு உயிராக இருப்பவர்கள் சுமார் 5 பேர் என்று வளையம் வளையமாகக் கணக்கிட்டார்கள். 150 என்ற எண்ணைப் பற்றி ஆய்வாளர்களிடையே தகராறு உண்டு. அந்த ஐந்து மட்டும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. உங்கள் போனில் எத்தனை நூறு பெயர் இருந்தாலும் சரி, ஒரு தாளில் ஐந்து பெயரை எழுதுங்கள். நடு ராத்திரி இவருக்கு ஒன்று என்றால் நான் போவேன், எனக்கு ஒன்று என்றால் இவர் வர வேண்டும் என்று மனசு சொல்லும் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கடைசியாக எப்போது இவர் குரலைக் கேட்டேன் என்று எழுதுங்கள். இந்தப் பயிற்சியை என்னிடம் வருகிறவர்களுக்குக் கொடுப்பேன். பலர் மூன்றாவது பெயரிலேயே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

பிறகு அந்த ஐந்து பேருக்கும் ஒரு நேரம் குறியுங்கள். "நேரம் கிடைக்கும்போது பேசறேன்" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், அந்த நேரம் கிடைப்பதில்லை. ஞாயிறு காலை ஒருவர், புதன்கிழமை வேலை முடிந்து நடக்கும்போது இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் செயற்கையாக இருக்கும், மூன்று நாலு வாரத்தில் பழகிவிடும். அப்புறம் அந்த நாள் கூப்பிடாவிட்டால் அவரே "என்ன ஆச்சு?" என்று கூப்பிடுவார். விசாரிப்பு திரும்பி வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அறிகுறி.

வீட்டுக்குள் இருக்கும் மனிதர்களைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, அதனால் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறேன். யாராவது உங்களிடம் பேச ஆரம்பிக்கும்போது போனைக் கவிழ்த்து வைக்காதீர்கள், எழுந்துபோய் அடுத்த அறையில் வைத்துவிட்டு வாருங்கள். அந்த நாலு அடியைப் பார்த்ததுமே எதிரே இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். கணவன் மனைவியிடம் இதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன்.

நெருக்கமானவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஒரு கணக்குச் சொன்னார். புதிதாகப் பழகும் ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார். விடுதி, வகுப்பு, தேர்வுக்கு முந்தைய ராத்திரிகள் என்று நீங்கள் இருவரும் அதைப் போல் எத்தனையோ மடங்கு சேர்ந்து கழித்திருக்கிறீர்கள். அந்த நேரம் எங்கும் போய்விடவில்லை. ஒரு மாதமாகத் தூங்க முடியாமல் தவிக்கிறீர்களே, வெறும் போன் தொடர்பு ஒன்றுக்காக யாருக்கும் தூக்கம் கெடாது. ஆனால் அந்தத் தூக்கமின்மையைச் சும்மா விடவும் கூடாது. அவரோடு பேசிய பிறகும் இரண்டு மூன்று வாரம் இப்படியே இருந்தால், வேலையிலும் சாப்பாட்டிலும் பிடிப்பு இல்லாமல் போனால், ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ நேரில் பாருங்கள்.

அவர் போனை எடுக்காமலும் போகலாம். எடுத்து, சுருக்கமாக இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடலாம். "இப்பதான் ஞாபகம் வந்துதா?" என்று கேட்கலாம். கேட்டால், "ஆமா, நான் கேட்டிருக்கணும். கேக்கலை. அது என் தப்பு" என்று சொல்லுங்கள். காரணம் அடுக்க வேண்டாம். கோபப்படுகிறவர் உங்களை இன்னும் தள்ளிவைக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பத்து நாள் விட்டு மறுபடியும் கூப்பிடுங்கள். அப்போதும் பேசவில்லை என்றால் கையால் ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள். அவசரமாகப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் கடிதத்தில் இல்லை. நீல டிக்கும் விழாது.

பேச்சு கூடி வந்தால், அடுத்த இரண்டு மாதத்துக்குள் நேரில் போய்விட்டு வாருங்கள். பயணத்தைப் படம் எடுத்துப் போட வேண்டாம். ஒரு முழு நாள் அவரோடு இருங்கள். அந்த அம்மா படுத்திருந்த அறையை அவர் காட்டினால் பாருங்கள், காட்டாவிட்டால் கேட்காதீர்கள்.

அந்தக் காய்ச்சல் ராத்திரியை அவரிடம் சொல்லத் தவறிவிடாதீர்கள். உங்கள் தோழிக்கு அது நினைவில் இருக்கிறதோ என்னமோ. அன்றைக்கு அவர் பக்கத்து அறையில் தூங்கிப்போயிருக்கலாம். விழித்திருந்தது நீங்களும் அவர் அம்மாவும்தான். தன் அம்மாவைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்றைச் சொல்ல, அவருக்கு இனி எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? அம்மா என்ன பேசினார், எத்தனை தடவை எழுந்து தண்ணீர் மாற்றினார், விளக்கை அணைத்தாரா, விடியும்போது என்ன சொன்னார் என்று நினைவுக்கு வருவதையெல்லாம் புறப்படுவதற்கு முன் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அவரை நேரில் பார்த்ததும் பாதி மறந்துபோகும்.